யாக்டோ பில்டில் பேக்கேஜ் பதிப்பு தானாக ஏறவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

சாதனங்களுக்கான லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் யாக்டோவில் பேக்கேஜ் பதிப்பு தானாக ஏற இரண்டு வழிகள் உண்டு. ரெசிபியில் (ஒரு பேக்கேஜை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஃபைல்), எந்தக் கமிட் வேண்டும் என்று சொல்லும் எஸ்ஆர்சிரெவ் மாறிக்கு ஆட்டோரெவ் என்று கொடுத்துவிட்டால், பிராஞ்சின் நுனியில் அப்போது எந்தக் கமிட் இருக்கிறதோ அது பில்டுக்கு வரும். இல்லையென்றால் ரெசிபிகளைத் திருத்த உதவும் டெவ்டூல் கருவியின் அப்கிரேட் கட்டளையோ, அதை வைத்து ஓடும் ஆட்டோ அப்கிரேட் ஹெல்பரோ ரெசிபியையே புதுப் பதிப்புக்கு மாற்றித் தரும். இவை மக்கர் பண்ணும் இடங்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே இடங்கள்தான். உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய், மேலிருந்து கீழாகப் பாருங்கள். கைச்செலவு குறைந்த சோதனைதான் முதலில் வரும். கட்டளைகளையும் மாறிகளையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ரெசிபி ஃபைலைத் திறந்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதில் எழுதியிருப்பது ஒன்று, யாக்டோவின் கட்டும் கருவியான பிட்பேக் கடைசியில் எடுத்துக்கொள்வது வேறொன்றாக இருக்கலாம். பிட்பேக்கை '-இ' சுவிட்சுடன் அந்த ரெசிபிக்கு ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள். அதில் ஃபைல் (ரெசிபி ஃபைலின் பாதை), பிவி (பதிப்பு எண்), எஸ்ஆர்சிரெவ், எஸ்ஆர்சி-யூஆர்ஐ (சோர்ஸின் முகவரி) என்ற நான்கு மாறிகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே, எந்த ஃபைலின் எந்த வரி அதற்கு மதிப்புக் கொடுத்தது, பிறகு யார் அதை மாற்றினார்கள் என்ற வரலாறு கமென்ட்டாக இருக்கும். பாதிப் பிரச்சினை இங்கேயே பிடிபட்டுவிடும்.

இன்னொன்று. எடுத்த எடுப்பில், சேமித்து வைத்த பில்ட் முடிவுகளை அழிக்கும் கிளீன்-எஸ்ஸ்டேட், கிளீன்-ஆல் என்று அடிப்பது பலருக்கும் பழக்கம். வேண்டாம். கோளாறு சில நேரம் தற்காலிகமாகப் போய்விடும், காரணம் கிடைக்காது. அப்புறம் அடுத்த வாரம் அதே கோளாறு இன்னொருவர் கணினியில் வந்து நிற்கும். கிளீன்-ஆல் டவுன்லோட் செய்து வைத்ததையும் சேர்த்து அழிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

## அறிகுறி: புதுக் கமிட் வந்துவிட்டது, பில்டில் பழையதே வருகிறது

டெவ்டூல் ஒர்க்ஸ்பேஸ் மிச்சம் இருக்கிறதா? டெவ்டூல் ஸ்டேட்டஸ் அடித்துப் பாருங்கள். எப்போதோ டெவ்டூல் மாடிஃபை கொடுத்து, வேலை முடிந்தும் ரீசெட் பண்ணாமல் விட்ட ரெசிபி பட்டியலில் இருந்தால், பிட்பேக் உங்கள் வட்டில் கிடக்கும் சோர்ஸைத்தான் கட்டும். எஸ்ஆர்சிரெவில் என்ன எழுதினாலும் அது காதில் விழாது. அந்த மாற்றங்கள் வேண்டுமென்றால் டெவ்டூல் ஃபினிஷ், வேண்டாமென்றால் ரீசெட்.

வேறு லேயரின் (ரெசிபிகளின் தொகுப்பு) ரெசிபி ஜெயிக்கிறதா? பிட்பேக்-லேயர்ஸ் ஷோ-ரெசிபீஸ் என்று ரெசிபியின் பெயரோடு கேளுங்கள். ஒரே ரெசிபி இரண்டு லேயர்களில் இருந்தால், பதிப்பு எண் பெரியதா சிறியதா என்று பிட்பேக் முதலில் பார்ப்பதில்லை. லேயர் முன்னுரிமை எண் அதிகமுள்ள லேயர்தான் ஜெயிக்கும், அதில் இருப்பது பழைய பதிப்பாக இருந்தாலும் சரி. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. லோக்கல்.கான்ஃபிலோ டிஸ்ட்ரோ கான்ஃபிலோ பிரிஃபர்ட்-வெர்ஷன் எழுதப்பட்டிருக்கிறதா, ரெசிபியில் டிஃபால்ட்-பிரிஃபரன்ஸ் மைனஸ் ஒன்று என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய எழுத்துமுறையா? லோக்கல்.கான்ஃபில் 'எஸ்ஆர்சிரெவ், அண்டர்ஸ்கோர், பிஎன், ஹைஃபன், ரெசிபி பெயர்' என்ற பாணியில் ஆட்டோரெவ் கொடுத்திருப்பீர்கள். 2021 அக்டோபரில் வந்த 3.4 ஹானிஸ்டரிலிருந்து ஓவர்ரைடுகளுக்கு (குறிப்பிட்ட ரெசிபிக்கோ பலகைக்கோ மட்டும் மதிப்பை மாற்றும் ஒட்டு) அண்டர்ஸ்கோர் கிடையாது, கோலன்தான். பழைய வரியைப் பிட்பேக் வேறேதோ மாறி என்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் எல்லா அண்டர்ஸ்கோரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். எஸ்ஆர்சி-யூஆர்ஐயில் நேம் என்று பெயரிட்ட சோர்ஸுக்கான எஸ்ஆர்சிரெவ், உதாரணமாகக் கர்னல் ரெசிபிகளில் வரும் எஸ்ஆர்சிரெவ்-மெஷின், இன்றும் அண்டர்ஸ்கோரில்தான் எழுதப்படும். அது ஓவர்ரைடு அல்ல, பெயரின் ஒரு பகுதி.

பிராஞ்ச் சரியா? ஆட்டோரெவ் நுனியை எடுக்கும் என்றால், எஸ்ஆர்சி-யூஆர்ஐயில் நீங்கள் சொன்ன பிராஞ்சின் நுனியை எடுக்கும். வேலை மெயின் பிராஞ்சில் நடக்க, ரெசிபி மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. பில்ட் பச்சையாக முடியும், உள்ளே பழைய கமிட் இருக்கும். கிட் எல்எஸ்-ரிமோட் அடித்து, அந்தப் பிராஞ்சின் ஹேஷையும் '-இ' வெளியீட்டில் கிடைத்ததையும் ஒப்பிடுங்கள்.

பிபி-எஸ்ஆர்சிரெவ்-பாலிசி 'கேஷ்' என்று இருக்கிறதா? ரெசிபிகளைப் படிக்கும் பார்ஸ் வேகமாக நடக்கட்டும் என்று யாராவது வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால், முதலில் கிடைத்த கமிட்டையே பிட்பேக் பிடித்துக்கொள்ளும், சர்வரைத் திரும்பக் கேட்காது. இயல்பான மதிப்பு 'கிளியர்'.

உள் மிரர் பின்தங்கியிருக்கிறதா? எஸ்ஆர்சி-யூஆர்ஐயே நிறுவனத்தின் உள் மிரரைக் காட்டினால், மிரர் ஒத்திசையும்வரை புதுக் கமிட் உங்களுக்கு வராது. அதைச் சரிசெய்வது மிரரைக் கவனிக்கும் நிர்வாகியின் வேலை. ரெசிபியில் முகவரியை மாற்றி விளையாடாமல் அவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி: பேக்கேஜ் பெயரில் புதுப் பதிப்பு, உள்ளே பழைய பைனரி

இது முந்தையதைவிட மோசம். எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பில்ட் முடிகிறது, பேக்கேஜ் 1.3 என்கிறது, சாதனத்தில் நிரலை ஓட்டிக் கேட்டால் 1.2 என்கிறது.

கிட் ரெசிபியென்றால் காரணம் அநேகமாக இதுதான்: ரெசிபி ஃபைலின் பெயரை 1.3 என்று மாற்றினார்கள், எஸ்ஆர்சிரெவை மாற்ற மறந்தார்கள். பிவி ஃபைல் பெயரிலிருந்து வருகிறது, சோர்ஸ் எஸ்ஆர்சிரெவிலிருந்து வருகிறது. இரண்டும் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பதைப் பிட்பேக் தன் வேலையாக நினைப்பதில்லை. சோர்ஸ் அடைவுக்குள் போய் கிட் டிஸ்கிரைப் அடித்தால் உண்மை தெரிந்துவிடும். டேக்குக்கான ஹேஷை எல்எஸ்-ரிமோட்டிலிருந்து எடுப்பதென்றால், ஒரே டேக்குக்கு இரண்டு வரிகள் வரக்கூடும். கேரட் குறியும் நெளிவு அடைப்பும் சேர்ந்து முடியும் வரியில் உள்ளதுதான் கமிட்டின் ஹேஷ். மற்றது டேக் பொருளுடையது.

டார்பால் (சுருக்கிய சோர்ஸ் பொதி) ரெசிபியென்றால் எஸ்ஆர்சி-யூஆர்ஐயில் பதிப்பு எண்ணைக் கையால் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் பழைய டார்பாலே வரும், பழைய செக்சம் (ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) அதற்குக் கனகச்சிதமாகப் பொருந்தும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எண் இருக்கும் இடத்தில் பிவி மாறியைப் போட்டால் தீர்ந்தது. பெயரைக் கையால் மாற்றுவதை விட்டு, டெவ்டூல் அப்கிரேடையே பழகிக்கொள்வது நல்லது.

## அறிகுறி: பார்ஸ் நிலையிலேயே நின்றுவிடுகிறது

ஆட்டோரெவ் இருந்தால் பார்ஸ் நேரத்திலேயே பிட்பேக் கிட் சர்வரைக் கூப்பிடும். அதனால் நெட்வொர்க் கோளாறு, சோர்ஸைக் கொண்டுவரும் ஃபெட்ச் வரைக்கும் காத்திருக்காது. நீங்கள் கட்டாத ரெசிபியில் ஆட்டோரெவ் இருந்தாலும், லேயர் சேர்ந்திருந்தாலே போதும், மொத்த பில்டும் மாட்டிக்கொள்ளும்.

- பிழையில் பிபி-நோ-நெட்வொர்க் என்ற பெயர் வந்தால், நெட்வொர்க் வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆஃப்லைன் பில்டும் ஆட்டோரெவும் ஒத்துப்போகாது. ஹேஷை நேராக எழுதுங்கள்.
- கிட்ஹப் முகவரி, ஆனால் புரோட்டோகால் எதுவும் கொடுக்கவில்லையா? மறையாக்கம் இல்லாத பழைய கிட் புரோட்டோகாலைக் கிட்ஹப் 2022 மார்ச்சில் நிரந்தரமாக நிறுத்திவிட்டது. முகவரியின் முடிவில் அரைப்புள்ளி போட்டு 'புரோட்டோகால் சமம் எச்டிடிபிஎஸ்' என்று சேருங்கள்.
- எஸ்எஸ்எச் முகவரியை இணையப் பக்கத்திலிருந்து அப்படியே ஒட்டினீர்களா? அதில் சர்வர் பெயருக்கும் பாதைக்கும் நடுவே கோலன் இருக்கும். பிட்பேக்குக்கு அங்கே சாய்கோடு வேண்டும், புரோட்டோகாலும் எஸ்எஸ்எச் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.
- உங்கள் கணினியில் ஓடுகிறது, தானியங்கி பில்ட் நடக்கும் சிஐ கன்டெய்னரில் மட்டும் விழுகிறதா? கன்டெய்னருக்குள் எஸ்எஸ்எச் ஏஜென்ட் சாக்கெட்டும் நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலும் வந்து சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதே கன்டெய்னரில் கையால் கிட் எல்எஸ்-ரிமோட் ஓடவில்லையென்றால் பிட்பேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சாவி அனுமதி உள்ளவரைப் பிடியுங்கள்.

## அறிகுறி: அந்தக் கமிட் பிராஞ்சில் இல்லை என்கிறது

பிராஞ்ச் பெயர் மாறியிருக்கலாம், அல்லது ஹேஷ் வேறு பிராஞ்சில் இருக்கலாம். எஸ்ஆர்சி-யூஆர்ஐயில் பிராஞ்சைத் திருத்தினால் போதும். டேக் மட்டும் எந்தப் பிராஞ்சிலும் சேராமல் தனியாகத் தொங்கினால் 'நோபிராஞ்ச் சமம் 1' போடலாம். மற்ற நேரங்களில் அதைப் போடாதீர்கள், அது சோதனையையே அணைத்துவிடும்.

உங்களிடம் ஓடி மற்றவர்களிடம் ஓடவில்லையென்றால், மூல ரெப்போவில் யாரோ ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் பண்ணியிருக்கிறார்கள். உங்கள் டவுன்லோட்ஸ் அடைவில் அந்தக் கமிட் இன்னும் உயிரோடு இருப்பதால் உங்களுக்கு மட்டும் தெரியவில்லை. அந்த அடைவை அழிக்கும் முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கமிட்டை மீட்க அது ஒன்றுதான் மிச்சமாக இருக்கக்கூடும்.

## அறிகுறி: செக்சம் பொருந்தவில்லை

பிழைச் செய்தியிலேயே புதுச் செக்சமும் வரும். அதை நகலெடுத்து ரெசிபியில் ஒட்டிவிட்டால் பில்ட் ஓடும். அந்த வேகம்தான் ஆபத்து. முதலில் டவுன்லோட்ஸ் அடைவைப் பாருங்கள். பொருந்தாத ஃபைலைப் பிட்பேக் 'பேட்-செக்சம்' என்ற ஒட்டோடு பெயர் மாற்றி அங்கேயே வைத்திருக்கும். அதன்மேல் ஃபைல் கட்டளையை ஓட்டுங்கள். டார்பாலுக்குப் பதில் எச்டிஎம்எல் என்று வந்தால், சர்வரோ புராக்ஸியோ ஒரு பிழைப் பக்கத்தை அனுப்பியிருக்கிறது.

உண்மையான டார்பால்தான், பதிப்பும் ஏறவில்லை, செக்சம் மட்டும் மாறியிருக்கிறதா? முகவரியில் கிட்ஹப்பின் 'ஆர்க்கைவ்' பாதை இருக்கிறதா பாருங்கள். அவை கேட்கும்போது உருவாக்கப்படும் டார்பால்கள். 2023 ஜனவரி இறுதியில் அவற்றின் சுருக்கும் முறை மாறி, உலகெங்கும் பில்டுகள் ஒரே நாளில் உடைந்தன. மாற்றம் உடனே திரும்பப் பெறப்பட்டது, ஆனால் யாக்டோவின் எஸ்ஆர்சி-யூஆர்ஐ-பேட் என்ற தரச் சோதனை இவற்றைப் பிடிப்பது காரணமில்லாமல் இல்லை. வெளியீட்டுக்கென்று பதிவேற்றிய டார்பாலுக்கோ கிட்டுக்கோ மாறிக்கொள்ளுங்கள்.

பழைய டார்பாலும் கையில் இருந்தால் இரண்டையும் பிரித்து டிஃப் எடுங்கள். உள்ளடக்கத்திலேயே வித்தியாசம் இருந்து அதற்கு விளக்கம் கிடைக்கவில்லையென்றால், அங்கே நிறுத்தி உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் கொடுங்கள்.

## அறிகுறி: அப்கிரேட் ஆனதும் 'ரெசிபி இல்லை' என்று பிபிஅப்பெண்டைக் காட்டுகிறது

ரெசிபி 1.3-க்குப் போய்விட்டது, அந்த ரெசிபிமேல் மாற்றங்களைச் சேர்க்க உங்கள் லேயரில் இருக்கும் பிபிஅப்பெண்ட் ஃபைல் இன்னும் 1.2 என்ற பெயரில் இருக்கிறது. எண்ணின் கடைசிப் பகுதியில் சதவீதக் குறி போட்டுப் பெயரை மாற்றுங்கள். எண் முழுவதற்கும் சதவீதக் குறி போடுவது வசதிதான், ஆனால் உள்ளே பேட்ச் இருந்தால் எந்தப் பதிப்பு வந்தாலும் அதன்மேல் போய் ஒட்டப் பார்க்கும். கட்டமைப்பு ஃபைல் மட்டும் சேர்க்கும் அப்பெண்டுக்கு முழுச் சதவீதம், பேட்ச் உள்ளதற்கு '1.' வரைக்கும் என்று நான் பிரித்து வைக்கிறேன். இந்தப் பிழையை எச்சரிக்கையாக்கும் மாறியும் உண்டு. அதைப் போட்டால் உங்கள் பேட்ச் சேராமலேயே இமேஜ் வெளியே போகும்.

## அறிகுறி: பேட்ச் ஒட்டவில்லை

டெவ்டூல் அப்கிரேட் பேட்ச்களைக் கிட் கமிட்டுகளாக்கிப் புதுப் பதிப்பின்மேல் ரீபேஸ் செய்யும். முரண் வந்தால் ஒர்க்ஸ்பேஸின் சோர்ஸ் அடைவில் ரீபேஸ் பாதியில் நிற்கும். பதறிப்போய் ரீசெட் அடிக்க வேண்டாம். அங்கே போய் முதலில் பேட்சின் தலைப்பைப் படியுங்கள். அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ் வரியில் பேக்போர்ட் என்று இருந்தால், அந்தத் திருத்தம் புதுப் பதிப்பிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். இருப்பதை உறுதிசெய்துகொண்டு அந்தக் கமிட்டை ஸ்கிப் பண்ணுங்கள். உங்கள் சொந்தப் பேட்சென்றால் முரணைத் தீர்த்து, ரீபேஸைத் தொடர்ந்து, டெவ்டூல் ஃபினிஷ் கொடுங்கள்.

சிப் நிறுவனம் தந்த, ஏன் எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாத பேட்ச் ஒட்டவில்லையென்றால், அதை நீங்களே வளைத்து ஒட்டாதீர்கள். பூட்லோடர், டிரைவர் பகுதிகளில் தப்பாக ஒட்டிய பேட்ச் கம்பைல் ஆகிவிடும், பலகை மட்டும் எழுந்திருக்காது. அந்த நிறுவனத்தின் ஆதரவுக் குழுவுக்கு எழுதுங்கள்.

## அறிகுறி: லைசென்ஸ் செக்சம் மாறிவிட்டது

டெவ்டூல் அப்கிரேட் புதுச் செக்சமைத் தானே எழுதிவிட்டு, ரெசிபியின் தலையில் 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் கமென்ட்டில் வித்தியாசத்தையும் வைத்துவிடும். படித்துவிட்டு நீக்குங்கள். பதிப்புரிமை ஆண்டு மட்டும் மாறியிருந்தால் கவலையில்லை. லைசென்ஸே மாறியிருந்தால், குறிப்பாக ஜிபிஎல் 2-லிருந்து 3-க்குப் போயிருந்தால், முடிவு உங்களுடையது அல்ல. பொருளை விற்கும் நிறுவனத்தின் சட்ட ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயம் அது.

## அறிகுறி: ஃபெட்ச் சரி, கம்பைலில் சர்வர் பெயர் கிடைக்கவில்லை என்கிறது

2022 ஏப்ரலில் வந்த 4.0 கிர்க்ஸ்டோனிலிருந்து ஃபெட்ச் தவிர்த்த வேலைகளுக்கு இயல்பாக நெட்வொர்க் கிடையாது. கோ, ரஸ்ட், என்பிஎம் வகை நிரல்கள் புதுப் பதிப்பில் புதுச் சார்புகளைக் கேட்கும், கம்பைல் நடுவே இணையத்துக்குப் போகப் பார்க்கும், மாட்டிக்கொள்ளும். ரஸ்ட் ரெசிபிக்கு, அதற்கான கிளாஸைச் சேர்த்திருந்தால், அப்டேட்-கிரேட்ஸ் என்ற டாஸ்க்கை ஓட்டினால் கிரேட் பட்டியல் புதிதாக எழுதப்படும். கம்பைல் டாஸ்க்குக்கு மட்டும் நெட்வொர்க்கைத் திறந்துவிடும் வழியும் இருக்கிறது. திறந்தால் பில்டில் எந்தப் பதிப்பு சேர்ந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

## அறிகுறி: புதுப் பதிப்பு வந்தது டெவ்டூலுக்கே தெரியவில்லை

டெவ்டூல் லேட்டஸ்ட்-வெர்ஷன் பழைய எண்ணையே சொன்னால், டேக் பெயரின் வடிவம் மாறியிருக்கும். அப்ஸ்ட்ரீம்-செக்-கிட்டேக்ரீஜெக்ஸைத் திருத்துங்கள். டார்பாலுக்கு அப்ஸ்ட்ரீம்-செக்-யூஆர்ஐயும் ரீஜெக்ஸும். மாறாக, பீட்டாவையும் ஆர்சியையும் புதுப் பதிப்பு என்று காட்டினாலும் மருந்து அதே ரீஜெக்ஸ்தான். ஆட்டோ அப்கிரேட் ஹெல்பர் ஒரே ஒரு ரெசிபியை மட்டும் தாண்டிப் போனால், அதில் ரெசிபி-நோ-அப்டேட்-ரீசன் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காரணத்தைப் படிக்காமல் அதை எடுத்துவிட வேண்டாம்.

## அறிகுறி: கர்னலில் மட்டும் பதிப்புச் சோதனை விழுகிறது

லினக்ஸ்-யாக்டோ பாணி ரெசிபியில் ஆட்டோரெவ் போட்டால், கர்னலின் மேக்ஃபைலில் எண் ஏறும் அன்று லினக்ஸ்-வெர்ஷன் மாறியோடு முரண்படும். மாறியைத் திருத்துவதே சரி. சோதனையைத் தாண்டவைக்கும் மாறியை மேம்பாட்டுப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பில்ட் புதியது, சாதனம் அப்டேட்டை எடுக்க மறுக்கிறது

பேக்கேஜ் ஃபீட் (சாதனங்கள் பேக்கேஜ்களை எடுக்கும் இடம்) வைத்து, ஓபிகேஜி என்ற பேக்கேஜ் மேலாளர் மூலம் புதுப்பிப்பவர்களுக்கு வரும் தலைவலி. புதுப் பேக்கேஜ் ஃபீடில் இருக்கிறது, சாதனமோ 'பதிப்பைக் கீழே இறக்க மாட்டேன்' என்கிறது.

கிட் ரெசிபியில் பேக்கேஜ் பதிப்பு '1.0, கூட்டல், கிட்0, கூட்டல், ஹேஷ்' என்ற வடிவத்தில் அமையும். அந்தப் பூஜ்யம்தான் ஏற வேண்டிய எண். அந்த எண்ணை ஏற்றித் தரும் பிஆர் சர்வர் இல்லையென்றால் அது எல்லாப் பில்டிலும் பூஜ்யமாகவே நிற்கும். அப்போது ஒப்பீடு ஹேஷில் போய் முடியும். பழைய ஹேஷ் '9304பி' என்றும் புதியது '27டி' என்றும் தொடங்கினால், 9304 பெரியது, 27 சிறியது, ஆகவே புதியது பழையதாகிவிடும். ஹேஷுக்கு வரிசை கிடையாது என்பது ஓபிகேஜிக்குத் தெரியாது. சில நாள் அப்டேட் ஆகிறது, சில நாள் ஆகவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லோக்கல்.கான்ஃபில் பிஆர்செர்வ்-ஹோஸ்ட் இருக்கிறதா? ஒரே கணினியில் கட்டுபவர்களுக்கு 'லோக்கல்ஹோஸ்ட், கோலன், 0' போதும். பல கணினிகளில் கட்டி ஒரே ஃபீடுக்கு அனுப்பினால் எல்லாம் ஒரே பிஆர் சர்வரைப் பார்க்க வேண்டும்.

இருந்தும் எண் பின்னால் போகிறதா? பில்ட் அடைவை யாரோ அழித்திருப்பார்கள். லோக்கல் பிஆர் சர்வரின் தரவுத்தளம் இயல்பாக அதற்குள்ளே உள்ள கேஷ் அடைவில்தான் இருக்கும், பெயரைப் பார்த்து அழித்தால் என்ன என்று தோன்றும். அது போனால் எண்கள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிட்பேக்-பிஆர்செர்வ்-டூல் எக்ஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தால் இம்போர்ட் செய்து மீளலாம். பில்டுகளின் வரலாற்றைப் பதியும் பில்ட்ஹிஸ்டரி இயக்கத்தில் இருந்தால், பதிப்பு பின்னால் போவதைத் தரச் சோதனை முன்பே சொல்லிவிடும்.

இம்போர்ட் செய்ய எதுவும் இல்லையென்றால் பிவியை உண்மையாகவே ஏற்றலாம், அல்லது பதிப்பு எண்ணுக்கும் முன்னதாக ஒப்பிடப்படும் பிஇ என்ற எபோக்கை ஏற்றலாம். எபோக் கடைசி ஆயுதம். ஒருமுறை ஏற்றினால் அந்தப் பேக்கேஜின் ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டும். ஏற்கெனவே விற்றுப்போன சாதனங்கள் அந்த ஃபீடில் இருந்தால் எபோக்கைத் தொடும் முன், ஃபீடையும் கையொப்பச் சாவிகளையும் பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஃபீடில் போய்விட்ட பதிப்பைத் திரும்ப எடுக்க முடியாது.

வெளியீட்டுக்குப் போகும் பில்டில் ஆட்டோரெவை நான் விடுவதில்லை. பில்ட்ஹிஸ்டரி-கலெக்ட்-எஸ்ஆர்சிரெவ்ஸ் என்ற கருவியை '-ஏ' சுவிட்சோடு ஓட்டினால், கடைசிப் பில்டில் சேர்ந்த கமிட் ஹேஷ்கள் எல்லாம் கான்ஃப் ஃபைலில் அப்படியே ஒட்டும் வடிவத்தில் வரும். அந்த வரிகளை டிஸ்ட்ரோ லேயரில் ஒரு இன்க் ஃபைலாக கமிட் செய்து, வெளியீட்டு பில்டை அதை வைத்துக் கட்டுங்கள்.